மாயாவியை அயர்ன் பண்ணாதீங்க பாஸ்!

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போறீங்க. பரண்ல எதையோ தேடப்போய் ஒரு பழைய அட்டைப்பெட்டி கையில மாட்டுது. கயிறை அவிழ்த்தா, அப்பாவோ சித்தப்பாவோ ஸ்கூல் படிக்கும்போது சேர்த்து வெச்ச காமிக்ஸ் கட்டு. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ்! அட்டையில கலர் கொஞ்சம் மங்கியிருக்கு. மூலை மடங்கியிருக்கு. நடுவுல ஒரு நீள மடிப்பு. புத்தகமே லேசா வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. ஆனா ஒரு பக்கம்கூடக் குறையல. ஜாக்பாட்!

அடுத்து என்ன பண்ணுவீங்க? வாட்ஸப்ல ஃபிரெண்ட்ஸுக்கு போட்டோ அனுப்புவீங்க. நெட்ல விலை தேடுவீங்க. அப்படியே ஒரு வீடியோ கண்ணுல படும். வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் கசங்கிப்போன காமிக்ஸை ஒரு மிஷினுக்குள்ள வைப்பார். கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தா புத்தகம் புத்தம்புதுசு! இதுக்குப் பேரு 'பிரஸ்ஸிங்'. உடனே உங்க மூளை வேலை செய்யும். 'மிஷின் எதுக்கு? நம்ம ஹாஸ்டல் ரூம்லதான் அயர்ன் பாக்ஸ் இருக்கே!'

ஒரு நிமிஷம் பாஸ். முதல்ல அந்த ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் இதைப் படிங்க.

எதுக்கு இவ்ளோ பில்டப்பு?

'பழைய பொம்மைப் புத்தகத்துக்குப் போயி இத்தனை அக்கறையா'ன்னு கேக்கறவங்களுக்குச் சின்னதா ஒரு ஃபிளாஷ்பேக்.

1972-ல சிவகாசியில இருந்து முத்து காமிக்ஸ் வர ஆரம்பிச்சுது. முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ஞ்சா உடம்பு மறைஞ்சு, இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும் ஆசாமி. ஒரிஜினல் இங்கிலாந்து சரக்கு. 'வேலியன்ட்'ங்கிற பிரிட்டிஷ் வார இதழ்ல 1962-ல ஆரம்பிச்ச தொடர் அது. ஆனா தமிழ்நாட்டுப் பசங்களுக்கு மாயாவி நம்ம ஊரு ஆளாவே ஆயிட்டார். அப்புறம் 1984-ல லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் களத்துல இறங்க, ஒரு தலைமுறையே பாடப் புத்தகத்துக்குள்ள ஒளிச்சு வெச்சுப் படிச்சுது. ராணி காமிக்ஸ் 2005-ல நின்னுபோச்சு. முத்துவும் லயனும் நடுவுல தடுமாறி, 2012-க்கு அப்புறம் கலர், ஆர்ட் பேப்பர்னு புது கெட்டப்புல வந்தது தனிக் கதை.

இப்போ மேட்டர் என்னன்னா, பழைய இதழ்கள் யாரும் பத்திரப்படுத்தறதுக்காக அச்சடிச்சது இல்ல. படிச்சுட்டு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, வாடகை நூல் நிலையத்துல சுத்தி, கடைசியில எடைக்குப் போறதுக்காகவே பிறந்த புத்தகங்கள். பழைய புத்தகக் கடல்னு பேரெடுத்த மூர் மார்க்கெட்டும் 1985-ல தீயில போயிடுச்சு. வீடுகள்ல இருந்தது கரையானுக்கும், மழைக்கும், 'குப்பையைத் தூக்கிப் போடு'ன்னு சொன்ன அம்மாக்களுக்கும் பலியாச்சு. அதையெல்லாம் தாண்டி உங்க பரண்ல ஒண்ணு தப்பிச்சிருக்குன்னா, அது சாதாரண அதிர்ஷ்டம் இல்ல. அதைத்தான் அயர்ன் பாக்ஸுக்கு அடியில வைக்கப் பாக்கறீங்க!

அவங்க ஊர்ல ஏன் அழுத்தறாங்க?

சிம்பிள்... காசு!

அமெரிக்காவுல 2000-ல சி.ஜி.சி.ன்னு ஒரு கம்பெனி வந்துது. காமிக்ஸைக் கொடுத்தா பரிசோதிச்சு, பத்துக்கு இத்தனைன்னு மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள சீல் வெச்சுத் தருவாங்க. மார்க் 9.4-ஆ 9.6-ஆங்கிறதுலயே விலை எங்கேயோ எகிறும். சூப்பர்மேன் முதல்ல தோன்றின 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் (1938), 9.0 மார்க் வாங்கின பிரதி, 2014-ல ஈபே ஏலத்துல 32 லட்சம் டாலருக்குப் போச்சு. ஸ்பைடர்மேன் அறிமுகமான 'அமேசிங் ஃபேன்டஸி' 15-ம் இதழ் (1962), 9.6 மார்க் பிரதி, 2021-ல 36 லட்சம் டாலர்!

புள்ளிக்குப் பின்னாடி இருக்கிற ஒரு எண்ணுக்கே இவ்ளோ மவுசுன்னா, யார்தான் சும்மா இருப்பாங்க? மடிப்பு, பள்ளம், வளைஞ்ச முதுகு இதையெல்லாம் நிமிர்த்த ஆள் வந்தாச்சு. முதல்ல புத்தகத்துக்கு லேசா ஈரப்பதம் ஏத்துவாங்க. அப்புறம் சிலிகான் தாள், வழவழ அட்டை எல்லாம் இடையில வெச்சு, அளவான சூட்டுல அழுத்துவாங்க. அழுத்தம் இருக்கும்போதே மெதுவா ஆற விடுவாங்க. பழகின கைகளே சுமார் 65-ல இருந்து 80 டிகிரி செல்சியஸுக்குள்ளதான் விளையாடுவாங்க. அதுவும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு கணக்கு.

இதுல ஒரு சண்டையும் உண்டு. கிழிஞ்ச இடத்துல தாள் ஒட்டினாலோ, போன கலரைப் பூசினாலோ சி.ஜி.சி. அதை 'ரிப்பேர் செய்தது'ன்னு ஊதா லேபிள்ல காட்டிக்கொடுத்துடும். வெறும் பிரஸ்ஸிங்னா எதையும் புதுசா சேர்க்கலையே, அதனால சாதாரண நீல லேபிள்தான். 'அழுத்தினதையும் சொல்லித்தான் ஆகணும்'னு ஒரு கோஷ்டி, 'எதையும் சேர்க்கலையே, எதுக்குச் சொல்லணும்'னு இன்னொரு கோஷ்டி. பல வருஷமா ஓயாத பஞ்சாயத்து இது.

சட்டை வேற, காமிக்ஸ் தாள் வேற

இப்போ கொஞ்சம் எங்க ஏரியா. பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது!

காட்டன் சட்டை அயர்ன் பண்ணா ஏன் சுருக்கம் போகுது? பருத்தி முழுக்க செல்லுலோஸ்தான். அதுல இருக்கிற நீண்ட மூலக்கூறுகள் ஒண்ணையொண்ணு ஹைட்ரஜன் பிணைப்பால பிடிச்சுக்கிட்டு இருக்கும். தண்ணி தெளிச்சுச் சூடு காட்டினா அந்தப் பிடி தளரும். அழுத்தி நேராக்கிக் காயவிட்டா, நேரா இருக்கிற நிலையில மறுபடி பிடிச்சுக்கும். தாளும் செல்லுலோஸ்தான். அதனால தியரி ஒண்ணுதான். பிரஸ்ஸிங் டுபாக்கூர் வேலை இல்ல. நிஜமாவே வேலை செய்யும். ஆபத்தே அங்கதான் ஆரம்பிக்குது.

பருத்தி இழையோட நீளம் சுமார் 2-ல இருந்து 3 சென்டிமீட்டர். முறுக்கி நூலாக்கி, நெய்து வெச்சிருக்காங்க. நூறு தடவை அயர்ன் பண்ணாலும் தாங்கும். பழைய காமிக்ஸோட உள்தாள் பெரும்பாலும் நியூஸ்பிரின்ட் வகை. மரத்தை அரைச்ச கூழ். அதுல இழை நீளம் ஒண்ணு, ரெண்டு, மிஞ்சினா மூணு மில்லிமீட்டர். போதாததுக்கு மரத்துல இருக்கிற லிக்னினும் கூடவே தங்கிடும். காத்தும் வெளிச்சமும் பட்டா தாள் பழுப்பாகறது இந்த லிக்னினாலதான். கூடவே அமிலம் உருவாகும். அந்த அமிலம் செல்லுலோஸ் சங்கிலியை வருஷக்கணக்கா துண்டு துண்டா வெட்டிக்கிட்டே இருக்கும்.

ஆக, 40 வருஷத்து மாயாவி புத்தகம் பாக்க முழுசா இருக்கும். உள்ளுக்குள்ள எலும்பு தேய்ஞ்ச தாத்தா மாதிரி! தாத்தாவுக்கு முதுகு வளைஞ்சிருக்குன்னு நிமிர்த்திப் படுக்க வெச்சு மேல ஏறி உட்காருவீங்களா?

நம்பிக்கை வரலையா? வீட்டுல ரொம்பப் பழைய செய்தித்தாள் துண்டு ஒண்ணு எடுங்க (காமிக்ஸை இல்ல!). மூலையை ஒரு தடவை முன்பக்கமா, ஒரு தடவை பின்பக்கமா மடிங்க. புதுப் பேப்பர் இப்படி எத்தனையோ மடிப்பு தாங்கும். பழசு சில மடிப்புலேயே கையோட வந்துடும். உங்க காமிக்ஸ் எந்த நிலைமையில இருக்கும்னு அந்த மூலை சொல்லிடும்.

'சூடு பட்டா தாளுக்கு வயசு ஏறுமே'ன்னு கெமிஸ்ட்ரி பசங்க கேப்பீங்க. கரெக்ட். 10 டிகிரி கூடினா வேதிவினை வேகம் சுமாரா ரெட்டிப்பாகும்னு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 30 டிகிரியில இருந்து 80-க்குப் போனா அஞ்சு ரெட்டிப்பு, அதாவது 32 மடங்கு. 10 நிமிஷம் அழுத்தினா அஞ்சரை மணி நேரத்துக்கும் குறைவான வயசுதான் ஏறும். இவ்ளோதானா? இவ்ளோதான். சரியான சூட்டுல ஒரே ஒரு தடவை அழுத்தறதால மட்டும் புத்தகம் கிழவனாகிடாது. நிஜமான வில்லன்கள் வேற. வரிசையா வர்றாங்க பாருங்க.

ஆறு வில்லன்கள்

வில்லன் 1: உடைஞ்ச கலர். மடிப்புல ரெண்டு வகை. ஒண்ணு, தாள் மட்டும் வளைஞ்சிருக்கும். இன்னொண்ணு, மேல இருக்கிற மையே உடைஞ்சு வெள்ளைக் கோடு தெரியும். முதல் வகைதான் பிரஸ்ஸிங்ல நிமிரும். இரண்டாவது நிமிரவே நிமிராது. போன மை போனதுதான். பழைய முத்து காமிக்ஸ் அட்டையைப் பாருங்க. பெரும்பாலான மடிப்புல வெள்ளைக் கோடுதான். அழுத்தினா பளபளன்னு தட்டையான அட்டையில அதே வெள்ளைக் கோடு இன்னும் எடுப்பா தெரியும்.

வில்லன் 2: துருப்பிடிச்ச பின். நம்ம ஊரு உப்புக் காத்துல ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்காம இருந்தாதான் அதிசயம். ஈரம் ஏத்தினா துரு கரைஞ்சு தாளுக்குள்ள ஊறும். இரும்புத் துகள் தாளோட சிதைவை இன்னும் வேகமாக்கும். மேல அழுத்தம் விழுந்தா பின் அட்டையை ஓட்டை போட்டு வெளியே வரும். அப்புறம் அட்டை தனி, கதை தனி.

வில்லன் 3: சுருங்குற அட்டை. அட்டைத் தாளும் உள்தாளும் வேற வேற ஜாதி. ஈரம் பட்டா ஒவ்வொண்ணும் வேற அளவுல உப்பும். காய்ஞ்சா வேற அளவுல சுருங்கும். விளைவு? அட்டை சுருங்கி, உள்பக்கங்கள் ஓரத்துல பனியன் மாதிரி எட்டிப் பாக்கும். பிரஸ்ஸிங்ல கைதேர்ந்த வெளிநாட்டுக்காரங்ககிட்டயே இந்தப் பிரச்னை வந்து ரசிகர்கள் கொந்தளிச்சிருக்காங்க.

வில்லன் 4: ஒட்டிக்கிற பக்கம். 2012-க்கு அப்புறம் வந்த ஆர்ட் பேப்பர் இதழ்னா இன்னும் டேஞ்சர். அந்த வழவழப்பு, தாள் மேல பூசின மாவும் பசையும் கலந்த படலம். ஈரமும் அழுத்தமும் சேர்ந்தா ரெண்டு பக்கமும் கல்யாணம் பண்ணிக்கும். பிரிச்சா படம் உரிஞ்சு வரும். நியூஸ்பிரின்ட்ல வேற தலைவலி. மை பெரும்பாலும் தாளுக்குள்ள ஊறித்தான் காயும். சூடும் அழுத்தமும் பட்டா எதிர்ப்பக்கத்துல நிழல் மாதிரி பதியலாம்.

வில்லன் 5: இளகுற முதுகு. கோடை மலர், தீபாவளி மலர்னு தடிமனா வந்த இதழ்கள்ல பசை போட்டு ஒட்டின முதுகு இருக்கும். சூட்டுல உருக்கி ஒட்டின பசைன்னா, மறுபடி சூடு காட்டினா இளகும். பழைய பசை காய்ஞ்சு கண்ணாடி மாதிரி ஆகியிருந்தா, அழுத்தினதும் 'படக்'. கொத்துக்கொத்தா பக்கம் உதிரும். நாலஞ்சு இதழைச் சேர்த்து நூல் போட்டு பைண்டிங் பண்ண வால்யூம்னா கேக்கவே வேணாம்.

வில்லன் 6: சென்னை! ஆமாங்க, நம்ம ஊரேதான். ஈரப்பதம் ஏத்தி நிமிர்த்தின தாள், மறுபடி ஈரப்பதம் பட்டா பழைய வளைவுக்கே திரும்பப் பாக்கும். காத்துல 70 சதவீத ஈரப்பதம்ங்கிறது நமக்கு சகஜம். ஐப்பசி, கார்த்திகையில அதையும் தாண்டும். அதாவது, கஷ்டப்பட்டு நிமிர்த்தின மடிப்பு அடுத்த மழை சீசன்ல 'வணக்கம்ணே'ன்னு திரும்பி வரும். மறுபடி அழுத்துவீங்க. மறுபடி வரும். ஒவ்வொரு ரவுண்டுலயும் தாள் கொஞ்சம் கொஞ்சமா பலம் இழந்துக்கிட்டே போகும்.

அயர்ன் பாக்ஸும் டி-ஷர்ட் மிஷினும்

அயர்ன் பாக்ஸ்ல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு புள்ளி போட்டிருக்கும், கவனிச்சிருக்கீங்களா? துணிகளுக்கான சர்வதேசக் குறியீட்டுல ஒரு புள்ளின்னா அதிகபட்சம் சுமார் 110 டிகிரி, ரெண்டுன்னா சுமார் 150, மூணுன்னா சுமார் 200. பழகினவங்களே 80-க்கு மேல போகத் தயங்குற விஷயத்துல, நம்ம அயர்ன் பாக்ஸோட குறைஞ்ச செட்டிங்கே எல்லை தாண்டிடுது. அது மட்டுமில்ல, அயர்ன் பாக்ஸ் ஒரே சூட்டுல நிக்காது. ஏறும், கட் ஆகும், இறங்கும், மறுபடி ஏறும். 100-ஐத் தாண்டினா தாளுக்குள்ள இருக்கிற ஈரம் நீராவியா ஓடிடும். அந்தக் கொஞ்சூண்டு ஈரம்தான் தாளை வளையவிடுது. அது போயிட்டா அப்பளம்தான். தெரு முனையில நிக்கிற இஸ்திரி வண்டி அண்ணாகிட்ட கொடுக்கலாம்னு ஐடியா வந்தா, அதையும் அப்படியே மறந்துடுங்க. கரி அடுப்புக்கு ஏது தெர்மோஸ்டாட்?

அடுத்து, கொஞ்சம் விவரமான ஆளுங்க போற ரூட்டு. தி.நகர் பக்கம் டி-ஷர்ட்ல போட்டோ அடிச்சுத் தர்ற கடைகள்ல ஹீட் பிரஸ் மிஷின் இருக்கும். வெளிநாட்டு வீடியோவுல வர்ற மிஷினும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். 'அண்ணா, ஒரே ஒரு அமுக்கு'ன்னு கேட்டா ஆச்சு. ஆனா அந்த மிஷின் டி-ஷர்ட்டுக்கு வேலை செய்யறது 180, 200 டிகிரியில. சூட்டைக் குறைச்சுக் கேட்டாலும் இன்னொரு சிக்கல். வாய் திறந்து மூடற மாதிரி ஒரு பக்கம் கீல் வெச்ச மிஷின்ல, கீல் இருக்கிற பக்கம்தான் முதல்ல அழுந்தும். துணிக்கு அது பரவாயில்ல. பஞ்சு மாதிரி அமுங்கிக் கொடுக்கும். புத்தகத்துக்கு முதுகுப் பக்கம் தடிமன், பின் வேற. எல்லா பாரமும் முதல்ல அங்க போய் இறங்கினா என்ன ஆகும்னு ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் படிச்சவங்களுக்கே தெரியும்.

சரி, லாபமாவது உண்டா?

இவ்ளோ ரிஸ்க் எடுத்தா என்ன கிடைக்கும்? நம்ம ஊரைப் பொறுத்தவரைக்கும் ஒண்ணும் இல்ல!

மயிலாப்பூர் லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில நின்னு காமிக்ஸ் தேடற ஒருத்தர், 'இது 9.4-ஆ, 9.6-ஆ?'ன்னு கேக்கறதில்ல. அவர் கேக்கறது வேற. முன் அட்டை இருக்கா? பின் அட்டை இருக்கா? நடுப்பக்கம் இருக்கா? கடைசிப் பக்கத்துல 'முற்றும்' இருக்கா? யாராச்சும் பொம்மையை வெட்டி எடுத்துட்டாங்களா? எந்த இதழ், எந்த வருஷம்? நம்ம ஊர்ல மதிப்பு முழுமைக்கும் அரிதுக்கும்தான். மூலை மடிஞ்சிருக்கிற முழுப் புத்தகத்தை ஆசையா வாங்குவாங்க. தட்டையா பளபளன்னு, ஆனா அட்டை கழண்டு நிக்கிற புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துடுவாங்க. அயர்ன் பாக்ஸ் உங்களுக்கு முதல் வகையை இரண்டாம் வகையா மாத்தித் தரும். அதுவும் இலவசமா!

இன்னொரு விஷயமும் இருக்கு. யாராச்சும் அழுத்தின புத்தகத்தை உங்ககிட்ட விக்க வந்தா? 40 வருஷப் புத்தகம் கண்ணாடி மாதிரி தட்டையா இருந்தா சந்தேகப்படுங்க. உள்பக்கம் அட்டையைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கா? பின் போன இடத்துல அட்டை மேல அச்சு விழுந்திருக்கா? அட்டையில அங்கங்க திட்டுத்திட்டா மினுமினுப்பு மாறியிருக்கா? தயங்காம கேளுங்க. அதே மாதிரி, நீங்க விக்கிறவரா இருந்தா என்ன செஞ்சீங்கன்னு ஓப்பனா சொல்லிடுங்க. செகண்ட் ஹேண்ட் பைக் விக்கும்போது 'இன்ஜின் பிரிச்சிருக்கேன்'னு சொல்ற நேர்மை இதுக்கும் வேணும்.

அப்போ அருங்காட்சியகத்துல என்ன பண்றாங்க?

நல்ல கேள்வி. பழைய தாளைப் பாதுகாக்கறவங்களும் நிமிர்த்துவாங்க. ஆனா அவங்க ரூட்டே வேற. சூடு கிடையாது. லேசா ஈரப்பதம் காட்டி, ரெண்டு பக்கமும் மை ஒற்றுற தாள் வெச்சு, மேல அளவான பாரம். அவ்ளோதான். அவசரமே இல்ல, மணிக்கணக்கு, நாள்கணக்கு. தொடறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு போட்டோ, தொட்ட பிறகு என்ன செஞ்சோம்னு குறிப்பு. பின்னாடி வர்றவங்க அழிச்சுத் திருப்பக்கூடிய வேலையை மட்டும்தான் செய்யணும்ங்கிறது அவங்க வேதம். எல்லாத்துக்கும் மேல, மடிப்பு அழகைக் கெடுக்குதுன்னு அவங்க நிமிர்த்தறதில்ல. அந்த மடிப்பு கிழிசலாகப் போகுதுன்னா மட்டும்தான் கை வைப்பாங்க.

தரமணியில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்னு ஒண்ணு இருக்கு. அடையாறு பக்கம் படிக்கிறவங்களுக்குக் கூப்பிடு தூரம். காரைக்குடி பக்கத்துல கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதற ஓவியர். புத்தகம், பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் ஒண்ணுவிடாம சேர்த்தார். ஊர்ல பல பேருக்கு அது குப்பை. 1992-ல அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, ஊரை விட்டுத் தூக்கிட்டுப் போகாம, சென்னையிலேயே நூலகமா வெச்சுது. 1994-ல ஆரம்பிச்ச அந்த நூலகத்துல இன்னிக்கு உலகம் முழுக்க இருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து உட்கார்றாங்க. ஒரு தனி மனுஷர் 'குப்பை'யைப் பத்திரமா வெச்சதாலதான் தமிழ் அச்சு வரலாற்றோட ஒரு பெரிய துண்டு தப்பிச்சுது. உங்க பரண் பெட்டியும் அந்த மாதிரி ஒரு துண்டா இருக்கலாம், யார் கண்டது!

தண்ணியில நனைஞ்சா?

அயர்ன் பாக்ஸ் எடுக்கணும்னு கை துடிக்கிற நேரம் இதுதான். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கினப்போ கோட்டூர்புரம், சைதாப்பேட்டைன்னு எத்தனை வீட்டுல புத்தக அலமாரி மூழ்கிச்சு! 2023-ல மிக்ஜாம் புயலும் அதே வேலையைச் செஞ்சுது. திரும்ப வராதுன்னு சொல்ல முடியாது. அதனால மனசுல ஏத்திக்கோங்க.

நனைஞ்ச புத்தகத்தை அயர்ன் பண்ணாதீங்க. மொட்டை மாடி வெயில்லயும் போடாதீங்க. வேகமா காய்ஞ்சா தாள் அலை அலையா நெளிஞ்சுடும். சொட்டச் சொட்ட நனைஞ்ச புத்தகத்தை வலுக்கட்டாயமா பிரிக்கவும் கூடாது. தட்டையான பலகையில வெச்சு, நிழல்ல, ஃபேன் காத்துல காய விடுங்க. கொஞ்சம் ஈரம் இறங்கினதும் சில பக்கத்துக்கு ஒண்ணா அச்சில்லாத வெள்ளைத் தாளையோ டிஷ்யூவையோ வெச்சு, அடிக்கடி மாத்துங்க. ஆர்ட் பேப்பர் இதழ்னா ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கு நடுவுலயும் தாள் வெச்சாகணும், காய்ஞ்சிடுச்சுன்னா செங்கல்தான்.

பூஞ்சை பூக்க ரெண்டு, மூணு நாள் போதும். நிறைய புத்தகம் நனைஞ்சு கையும் ஓடல, காலும் ஓடலன்னா ஒரு ட்ரிக் இருக்கு. ஒவ்வொண்ணையும் பாலித்தீன் கவர்ல போட்டு ஃப்ரிட்ஜோட ஃப்ரீசர்ல வெச்சுடுங்க. உறைஞ்ச தண்ணியில பூஞ்சை வளராது. கரன்ட் இருக்கணும்ங்கிறது மட்டும் கண்டிஷன். அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்து நிதானமா காய வைக்கலாம். அம்மாகிட்ட 'ஐஸ்க்ரீம் எங்கடா'ன்னு திட்டு விழும், பரவாயில்ல! முழுசா காய்ஞ்ச பிறகு, ரெண்டு வெள்ளை அட்டைக்கு நடுவுல வெச்சு மேல ரெண்டு, மூணு பாடப் புத்தகம். சில நாள் அப்படியே கிடக்கட்டும். நம்ம வீட்டுக்கு இந்தப் பிரஸ்ஸிங் போதும். இன்ஜினீயரிங் புக்ஸுக்கு இப்படியும் ஒரு யூஸ் உண்டு பாருங்க!

பத்திரமா வைக்க பத்து நிமிஷம்

* பழைய புத்தகத்தைத் தட்டையா அடுக்குங்க. ஒரு அடுக்குல பத்துப் பதினஞ்சுக்கு மேல வேணாம். நிக்க வெச்சா சாயாம நிக்கட்டும். சாய்ஞ்சாதான் முதுகு வளையும்.

* பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் கவர்ல போடுங்க. பி.வி.சி. கவர் வேணாம், நாளாக ஆக அது விடற வாயுவே தாளைக் கெடுக்கும். பின்னாடி ஒரு அமிலமில்லாத அட்டை இருந்தா சூப்பர்.

* ரப்பர் பேண்ட், செலோ டேப், லேமினேஷன்... மூணும் நோ என்ட்ரி. டேப்போட பசை பழுப்பாகித் தாளுக்குள்ள இறங்கினா எந்த சாமி வந்தாலும் எடுக்க முடியாது.

* பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ, தரையிலயோ, சமையலறைக்கு மேல இருக்கிற பரண்லயோ வைக்காதீங்க. உள்ள ரெண்டு சிலிகா ஜெல் பாக்கெட் போட்டு, அப்பப்போ மாத்துங்க.

* மாசம் ஒரு தடவை திறந்து பாருங்க. ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் ஆள் நடமாட்டம் உள்ள இடம் பிடிக்காது.

* துரு ஏறின பின்னை நீங்களே பிடுங்காதீங்க. பழகினவங்க கையில விடுங்க. கிடைக்கலைன்னா அப்படியே இருக்கட்டும், ஈரம் மட்டும் அண்டாம பாத்துக்கோங்க.

கடைசியா ஒண்ணு. அந்தப் பெட்டியில இருக்கிற புத்தகத்தோட முதல் பக்கத்தைத் திறந்து பாருங்க. நீல மையில ஒரு பேரு, 'ஏழாம் வகுப்பு, பி பிரிவு', கீழே 'இதைத் திருப்பித் தரவும்'னு ஒரு மிரட்டல் இருக்கலாம். மூலை மடிஞ்சிருக்கறது, வாத்தியார் வர்ற சத்தம் கேட்டு டெஸ்க்குக்குள்ள திணிச்சதால இருக்கலாம். விலைக்காக அதை நிமிர்த்தப் பாக்கறதுக்கு முன்னாடி, அந்தப் பையனை ஒரு தடவை கேட்டுடுங்க. அவர் பக்கத்து ரூம்லதான் நியூஸ் பாத்துக்கிட்டு இருப்பார்!